வீட்டு ரொட்டி இயந்திரமும் அதன் பராமரிப்பும்

மாவு, தண்ணீர், உப்பு, சர்க்கரை, ஈஸ்ட் ஆகியவற்றை அளந்து ஒரு பாத்திரத்தில் இட்டு, மூடியை மூடிப் பொத்தானை அழுத்தினால், மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் சூடான ரொட்டி கைக்கு வரும் என்பது வீட்டு ரொட்டி இயந்திரத்தை விற்போர் கூறும் உறுதிமொழி. அது பொய்யன்று. ஆயினும், ஆவலுடன் வாங்கிய இயந்திரம் சில மாதங்களில் பரண்மேல் ஏறிவிடுவதும் உண்டு. ஒரு நாள் நடுவில் குழிந்த ரொட்டி, மறுநாள் செங்கல் போன்ற ரொட்டி என்று வந்தால், எவருக்கும் மனம் சலித்துவிடும் அல்லவா? மிதமான தட்பவெப்பமுள்ள நாடுகளின் சமையலறையை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட ஒரு சாதனத்தை, 35 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள அறையில் வைத்து, கைப்புத்தகத்தில் கூறியவாறே இயக்குவதால் விளையும் தொல்லை இது. காரணத்தை அறிந்தால் பரிகாரம் எளிது.

இயந்திரத்தின் அமைப்பில் மர்மம் ஒன்றுமில்லை. பெட்டியினுள் கழற்றி மாட்டக்கூடிய ஓர் உலோகப் பாத்திரம். அதன் அடியில் ஓர் அச்சு. அச்சின்மேல் சிறு துடுப்பு. பக்கத்திலுள்ள மோட்டார் ஒரு ரப்பர்ப் பட்டையின் உதவியால் அச்சைச் சுழற்றுகிறது. பாத்திரத்தைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி ஓடுகிறது. உஷ்ணத்தை உணரும் ஓர் உறுப்பும், எப்பொழுது பிசைவது, எப்பொழுது பொங்கவிடுவது, எப்பொழுது சுடுவது என்று நிர்ணயிக்கும் மின்னணுச் சாதனமும் இருக்கின்றன. இங்கே முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வியந்திரத்தால் மாவைச் சூடேற்ற முடியும், குளிர்விக்க முடியாது. மேலும், அது மாவைப் பார்ப்பதில்லை, நேரத்தையே கணக்கிடுகிறது. இத்தனை நிமிஷம் கழிந்தால் மாவு பொங்கியிருக்கும் என்பது அதன் அனுமானம். குளிர்காலத்தில் அது தன் சூட்டினால் சமாளித்துக்கொள்கிறது. கோடையிலோ அதன் அனுமானம் தவறிவிடுகிறது.

இந்த இயந்திரத்தை உருவாக்கியவர்களையும் முதலில் தடுத்து நிறுத்தியது மாவைப் பற்றிய ஒரு பிரச்னையே. 1980களின் நடுவில் ஜப்பானில், ஓசாகாவைச் சேர்ந்த மட்சுஷிடா மின்சாதனக் கம்பெனியார் செய்து பார்த்த மாதிரிகளில், ரொட்டியின் மேற்புறம் கருகியது, உட்புறம் வேகவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் தொழிலாளர் பிசைந்த மாவையும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டும் காரணம் புலப்படவில்லை. அப்பொழுது இகுகோ தனாகா என்ற பெண்மணி, நல்ல ரொட்டிக்குப் பெயர்பெற்ற ஓசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் சென்று மாவு பிசையப் பயின்றார். அவர் மாவை வெறுமனே அழுத்தவில்லை, முறுக்கி இழுக்கிறார் என்பது தெரிந்தது. பாத்திரத்தின் உட்சுவரில் சிறு விளிம்புகளை அமைத்து, அவற்றில் மாவு பற்றிக்கொள்ளத் துடுப்பு அதை முறுக்கி இழுக்கும்படி செய்தனர். 1987இல் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. இன்றும் பாத்திரத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் அத்தகைய விளிம்பு விரலில் தட்டுப்படும்.

முறுக்கி இழுப்பதனால் நிகழ்வது என்ன? கோதுமை மாவிலுள்ள இருவகைப் புரதங்கள் தண்ணீருடன் சேர்ந்து குளூட்டன் என்னும் இழுபடும் பொருளாகின்றன. இதை மாவிலிருந்து பிரித்துக் காட்டியவர் இத்தாலி நாட்டுப் போலோனா நகரத்து பெக்காரி. அவருடைய கட்டுரை 1745இல் வெளிவந்தது. அவர் செய்த சோதனையை எந்தப் பள்ளியிலும் செலவின்றிச் செய்து காட்டலாம். ஒரு பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி நேரம் நீரில் ஊறவிட்டு, பின் நீருக்குள்ளேயே மெல்லக் கசக்க வேண்டும். மாச்சத்து பாலைப்போல் கரைந்து செல்லும். நீர் தெளியும்வரை கழுவினால் ரப்பர் போன்ற சிறு உருண்டை கையில் எஞ்சும். அரிசி மாவிலோ கேழ்வரகு மாவிலோ இவ்வாறு எதுவும் எஞ்சாது. இந்த ரப்பர் படலமே ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவைச் சிறு குமிழ்களாகப் பிடித்து வைக்கிறது.

மாவைத் தேர்ந்தெடுக்கும்போது பாக்கெட்டின் மேல் அச்சிட்டுள்ள புரத அளவைப் பார்த்துக்கொள்வது நலம். 100 கிராமில் 11 கிராமுக்குமேல் இருந்தால் ரொட்டி நன்கு எழும்பும். நமது ஆட்டா மாவில் புரதம் போதிய அளவு இருப்பினும், அதிலுள்ள தவிட்டுத் துகள்கள் குளூட்டன் படலத்தை அறுத்துவிடுகின்றன. கல் இயந்திரத்தில் அரைபடும்போது மாச்சத்து மணிகள் பல உடைவதால் அது நீரையும் மிகுதியாக உறிஞ்சுகிறது. ஆகையால் மைதாவுக்கு எழுதப்பட்ட அளவு ஆட்டாவுக்குப் பொருந்தாது. முதலில் பாதிக்குப் பாதி கலந்து தொடங்குவதே சரி. முழுவதும் ஆட்டாவாக இருந்தால் ரொட்டி சற்றுத் தாழ்வாகவே அமையும். அதைக் குறையென்று எண்ண வேண்டுவதில்லை.

அளவு விஷயத்தில் கிண்ணத்தை நம்புதல் கூடாது. ஜப்பானியக் கிண்ணம் 200 மில்லிலிட்டர் கொள்ளும். அமெரிக்கக் கிண்ணம் ஏறக்குறைய 240. ஒரே கிண்ணத்தில் மாவைத் தளர அள்ளுவதற்கும் அமுக்கி நிரப்புவதற்கும் இடையே 20, 30 கிராம் வேறுபாடு வரும். நிறுத்துப் போடுவதே முறை. சிறிய ரொட்டி ஒன்றுக்கு மைதா 300 கிராம், தண்ணீர் 190 கிராம், சர்க்கரை 15 கிராம், எண்ணெய் 15 கிராம், உப்பு 5 கிராம், உடனடி ஈஸ்ட் 3 கிராம் என்று தொடங்கலாம். பெரும்பாலான இயந்திரங்களில் முதலில் நீர், அதன்மேல் மாவு, மாவின் நடுவே சிறு குழியில் ஈஸ்ட் என்பது வரிசை. உப்பு ஓரமாக இருக்க வேண்டும். சில இயந்திரங்களில் இவ்வரிசை தலைகீழாகவும் இருக்கும். கைப்புத்தகம் இவ்விஷயத்தில் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஈஸ்ட் ஓர் உயிர். 25 முதல் 35 டிகிரி வரை அது சுறுசுறுப்பாகச் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் சாராயச் சத்தையும் வெளிவிடும். 60 டிகிரியை எட்டினால் இறந்துவிடும். திறந்த பொட்டலத்தைச் சமையலறை அலமாரியில் வைத்தால் சில வாரங்களில் வலுவிழக்கும். காற்றுப்புகாத குப்பியிலிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். பருத்த மணிகளாக விற்கப்படும் ஈஸ்ட் வகையை வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, நுரைத்தால் மட்டுமே உபயோகிக்கலாம். சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் இதற்கு ஈடாகமாட்டா.

இனி உஷ்ணத்துக்கு வருவோம். பிசைந்து முடித்த மாவு சுமார் 26 டிகிரியில் இருத்தல் நல்லது. அதற்கு ரொட்டித் தொழிலாளர் கையாளும் கணக்கு ஒன்று உண்டு. 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் உஷ்ணம், மாவின் உஷ்ணம், பிசையும்போது உராய்வால் ஏறும் உஷ்ணம் ஆகிய மூன்றையும் கழித்தால் எஞ்சுவது, சேர்க்க வேண்டிய தண்ணீரின் உஷ்ணம். மே மாதத்தில் அறை 34, மாவு 33, உராய்வுக்கு 5 என்று வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 6 டிகிரி. அதாவது, குளிர்ப்பெட்டித் தண்ணீர். வட இந்தியக் குளிர்காலத்தில் அறையும் மாவும் 16 டிகிரியாக இருக்குமாயின் 41 டிகிரி வரும். அது கை பொறுக்கும் வெந்நீர். ‘வெதுவெதுப்பான நீர் சேர்க்கவும்’ என்று கைப்புத்தகம் எல்லாக் காலத்துக்கும் ஒரே விதி கூறுமாயின், அது சென்னைக் கோடையை அறியாதவர் எழுதியது என்று கொள்க. கோடையில் ஈஸ்ட்டைக் கால் பங்கு குறைப்பதும் பயன் தரும். உதகமண்டலம், சிம்லா முதலிய உயர்ந்த இடங்களிலும், காற்றழுத்தம் குறைவதால் குமிழ்கள் விரைவாக விரிகின்றன. அங்கும் ஈஸ்ட்டைக் குறைத்தல் வேண்டும்.

இவ்வளவு கணக்கிட்ட பின்னும் ஒருமுறை மாவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பிசையத் தொடங்கிய ஏழெட்டு நிமிஷத்தில் மூடியைத் திறக்கலாம், அதனால் தீங்கில்லை. மாவு ஒரே உருண்டையாகத் திரண்டு, சுவரை விட்டு விலகி, தொட்டால் லேசாக ஒட்டிப் பிரிய வேண்டும். கூழாகப் பரவியிருந்தால் ஒரு மேசைக்கரண்டி மாவும், உடைந்து தடதடவென்று மோதினால் ஒரு தேக்கரண்டி நீரும் சேர்க்கலாம். மழைக்காலத்தில் மாவே ஈரம் ஏற்றிருப்பதால் நீர் குறைவாகத் தேவைப்படும். சுடும் நேரத்தில் மட்டும் மூடியைத் திறத்தல் கூடாது. நடுவில் குழிந்த ரொட்டி பெரும்பாலும் நீரோ ஈஸ்ட்டோ உஷ்ணமோ மிகுந்ததால் விளைவது. மாவு அளவுமீறிப் பொங்கி, சுடும் கட்டம் வருவதற்குள் குமிழ்கள் தளர்ந்துவிடுகின்றன. செங்கல்லாக வந்தால் ஈஸ்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்தபடி தண்ணீர்க் குறைவை.

இரவில் பொருள்களை இட்டுவைத்து விடியற்காலையில் ரொட்டி எடுக்க உதவும் நேரக்கருவி கவர்ச்சியானது. ஆனால் பால், முட்டை சேர்ந்த கலவையை நமது வெப்பத்தில் இரவு முழுவதும் வைத்தல் தகாது. பால் சுவை வேண்டின் பால்பவுடரை உலர்ந்த மாவுடன் சேர்க்கலாம்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் இயந்திரங்களைப் பற்றிக் கண்டிப்பாக எச்சரிக்க வேண்டியுள்ளது. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானுடையது 100, நமது 230. சூடேற்றும் கம்பி வாங்கும் மின்திறன் வோல்ட்டின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே அமெரிக்க இயந்திரத்தை நமது சுவர்ச் செருகியில் நேரே இணைத்தால் கம்பி மூன்றரை மடங்குக்குமேல் திறனை வாங்கும். ஜப்பானிய இயந்திரம் ஐந்து மடங்குக்குமேல். சில நொடிகளில் புகைதான் வரும். தக்க திறனுள்ள மின்மாற்றி இன்றியமையாதது. நாட்டிலேயே விற்கும் இயந்திரத்துக்கும் நிலத்தொடர்புள்ள மூன்று துளைச் செருகி தேவை. நடுவில் மின்சாரம் தடைப்பட்டால் சில இயந்திரங்கள் பத்து நிமிஷம் வரை விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும். அதற்கு மேற்பட்டால் மாவை எடுத்து உருட்டிச் சப்பாத்தியாகவோ தோசைக்கல்லில் தடித்த ரொட்டியாகவோ சுட்டுவிடுவதே விவேகம்.

பராமரிப்பில் முதன்மையானது பாத்திரம். அதன் ஒட்டாப் பூச்சைக் கம்பி நாரும் எவர்சில்வர்க் கரண்டியும் கெடுக்கும். சுட்டு முடிந்ததும் பத்து நிமிஷம் ஆறவிட்டு, துணியால் பிடித்துக் கவிழ்த்தால் ரொட்டி தானே விழும். துடுப்பு ரொட்டிக்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு. அறுக்குமுன் பார்த்துக்கொள்ளாவிடில் கத்திக்கும் துடுப்புக்கும் கேடு. அச்சில் இறுகிய துடுப்பைக் குறடு கொண்டு இழுக்கலாகாது. பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரம் வெந்நீர் ஊற்றி அரைமணி வைத்தால் இளகிவிடும். பாத்திரத்தை முழுவதும் நீரில் அமிழ்த்துவது பெருந்தவறு. அடியிலுள்ள அச்சுத் தாங்கியில் நீர் புகுந்து துருவேறினால், முதலில் கீச்சென்ற ஓசையும் பின்னர் கசிவும் தொடங்கும். கசிவு உண்டா என்று அறிய, பாத்திரத்தில் சிறிது நீர் விட்டு ஒரு தாளின்மேல் அரைமணி நேரம் வைக்கலாம். தாள் நனைந்தால் அடைப்பு வளையத்தை மாற்ற வேண்டும். சூடேற்றும் கம்பியின்மேல் சிந்திய மாவை, செருகியைப் பிடுங்கி, நன்கு ஆறிய பின் மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் துடுப்பு சுழலாவிடில், ரப்பர்ப் பட்டை தளர்ந்ததோ அறுந்ததோ காரணமாகலாம். அதை மாற்றச் செலவு அதிகமில்லை. இதற்காக இயந்திரத்தையே எறிந்துவிட வேண்டாம்.

சுயதொழிலுக்கு இவ்வியந்திரத்தை வாங்கலாமா என்று மகளிர் குழுவினர் களப்பணியாளரைக் கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே நேர்மையான விடை. ஒரு ரொட்டிக்கு மூன்றரை மணி நேரமானால் பகல் முழுதும் ஓட்டினாலும் மூன்று, நான்குக்குமேல் கிடைக்காது. மோட்டாரும் இடைவிடாத உழைப்புக்கு அமைந்ததன்று. கடன் வாங்கி இதில் முதலிட்டால் வட்டிக்கும் கட்டாது. தொழிலாகச் செய்ய விரும்புவோருக்கு, 1950இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் ரொட்டித் தொழிற்பயிற்சி அளிக்கப்படுகிறது. வீட்டுக்கு ஒன்று என்ற அளவில்தான் இவ்வியந்திரம் பயனுடையது. ரொட்டி மாவில் சேர்க்கப்பட்டு வந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த காலத்தில், தம் ரொட்டியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அறிய விரும்பியோருக்கு அது ஒரு வழியாயிற்று.

கடை ரொட்டியில் சேர்க்கும் காப்புப் பொருள் வீட்டு ரொட்டியில் இல்லை. சூடு முழுவதும் தணிந்த பின்னரே அதை மூடி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு நாளைக்குள் உண்டுவிட வேண்டும். எஞ்சியதை அறுத்து உறைபெட்டியில் வைக்கலாம். ரொட்டியின் உட்புறம் பிசுபிசுத்து, பிரித்தால் நூலாக இழுபட்டு, அழுகிய அன்னாசிப் பழத்தின் வாடை வீசினால் அது பாசிலஸ் என்னும் நுண்ணுயிரின் வேலை. அதன் விதைகள் சுடும் சூட்டிலும் அழிவதில்லை. அத்தகைய ரொட்டியை எறிந்துவிட்டு, பாத்திரம், துடுப்பு, மூடி ஆகியவற்றை வினிகர் கலந்த நீரால் துடைத்து வெயிலில் உலர்த்தி, திறந்திருந்த மாவுப் பொட்டலத்தையும் மாற்றிவிட வேண்டும். அடுத்த சில முறை மாவுடன் ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்துச் சுட்டால் அந்நோய் தலைகாட்டாது.