அப்டேட் மேல் பழி போடும் முன்

சிஸ்டம் அப்டேட் முடிந்து கணினி திரும்ப எழுந்ததும் பிரவுசரைத் திறக்கிறோம். நேற்றுவரை சட்டென்று வந்த பக்கம் இன்று சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஒரு டேப் உறைகிறது, இன்னொன்று வெளுக்கிறது, கடைசியில் பிரவுசரே தானாக மூடிக்கொள்கிறது. மின்கட்டணம், தேர்வு விண்ணப்பம், வங்கிக் கணக்கு, அலுவலக மின்னஞ்சல் என்று நாளின் பாதி வேலை பிரவுசருக்குள் நடக்கும் காலத்தில் இதைச் சின்னத் தொல்லை என்று ஒதுக்க முடியாது. அவசரத்தில் பலரும் எடுக்கும் முடிவுகள் மூன்று: அப்டேட்தான் கெடுத்தது என்று தீர்ப்பு எழுதுவது, பிரவுசரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது, இனிமேல் அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்திவைப்பது. மூன்றுமே காரணத்தைத் தேடாமல் பார்க்கும் வைத்தியம். முதல் இரண்டும் நேரத்தை வீணாக்கும். மூன்றாவது ஆபத்தை விலைகொடுத்து வாங்கும். அப்டேட் குற்றவாளியாக இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கச் சோதனை வேண்டும். ‘அதற்குப் பிறகுதான் இப்படி ஆனது’ என்ற ஒரே சாட்சி போதாது.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை கணினியில் எவ்வளவு எளிதாக நடக்கும் என்பதற்கு 2022 ஜனவரி நல்ல சான்று. அந்த மாதம் 11-ஆம் தேதி ஃபயர்ஃபாக்ஸின் 96-ஆம் பதிப்பு வெளியானது. 13-ஆம் தேதி உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முடங்கியது. இரண்டு நாள் முன்பு வந்த புதிய பதிப்பைச் சந்தேகிப்பது இயல்புதான். ஆனால் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லா பின்னர் வெளியிட்ட விளக்கம் வேறு இடத்தைக் காட்டியது. மொஸில்லா பயன்படுத்தும் ஒரு கிளவுட் சேவையில், ஹெச்டிடிபி 3 என்ற புதிய தொடர்பு முறை முன்னறிவிப்பின்றி இயக்கப்பட்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் தன் பயன்பாட்டுத் தகவலை அனுப்ப அந்தச் சர்வரைத் தொட்டதும், நிரலுக்குள் ஏற்கெனவே ஒளிந்திருந்த பிழை வெளிப்பட்டது. ஒரு தலைப்பு வரியைத் தேடும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கருதியதுதான் அந்தப் பிழை. விளைவாக நெட்வொர்க் பகுதி முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொண்டது. சர்வர் பக்கத்தில் அந்த முறையை அணைத்ததும் பிரவுசரை மூடித் திறந்தாலே போதுமானதாக இருந்தது. அன்று பிரவுசரை அழித்து மறுபடி நிறுவியவர்களின் உழைப்பு முழுக்க வீண்.

2019 மே மாதத் தொடக்கத்திலும் இதே போன்ற ஒன்று நடந்தது. எக்ஸ்டென்ஷன்கள் நம்பகமானவை என்று உறுதிசெய்யும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால், ஃபயர்ஃபாக்ஸில் நிறுவியிருந்த எக்ஸ்டென்ஷன்கள் உலகம் முழுதும் செயலிழந்தன. பயனர்களின் கணினியில் எதுவும் மாறவில்லை. நாட்காட்டியில் தேதி மாறியது, அவ்வளவுதான். அந்த வாரம் தற்செயலாகச் சிஸ்டம் அப்டேட் போட்டிருந்த ஒருவர் அதைத்தான் குறைசொல்லியிருப்பார். அவர் கண்ணில் பட்ட ஒரே மாற்றம் அதுதான். கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள் சர்வரில், ஆன்டிவைரஸில், எக்ஸ்டென்ஷனில், பின்னணிச் சேவைகளில் தினமும் நடந்துகொண்டிருக்கின்றன.

பிரவுசருக்குள் இருக்கும் மற்றவர்கள்

நாம் ஒரே நிரல் என்று நினைக்கும் பிரவுசர் தனியாக ஓடுவதில்லை. 2017 நவம்பரில் கூகுள் குரோம் குழு ஒரு கணக்கை வெளியிட்டது. விண்டோஸில் குரோம் வைத்திருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் கணினியில், குரோமுடன் ஊடாடும் வேறு மென்பொருள்களும் இருந்தன. ஆன்டிவைரஸ் அவற்றில் முக்கியமானது. அப்படிக் குரோமுக்குள் தன் நிரலைச் செலுத்தும் மென்பொருள் இருந்தால், கிராஷ் ஆகும் வாய்ப்பு 15 சதவீதம் கூடுதல் என்றது குழு. இந்தக் கூட்டுக்குடித்தனம் உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2019 அக்டோபரில் வந்த குரோம் 78 காட்டியது. வெளியார் நிரல் உள்ளே வருவதைத் தடுக்கும் புதிய பாதுகாப்பு அதில் சேர்க்கப்பட்டது. சைமான்டெக் எண்ட்பாயின்ட் புரொடெக்‌ஷனின் பழைய பதிப்புகள் ஓடிய கணினிகளில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கிராஷ். குரோமின் செட்டிங்ஸ் பக்கம்கூடத் திறக்கவில்லை. குரோம் அப்டேட்தான் இதைத் தூண்டியது, மறுப்பதற்கில்லை. ஆனால் நிரந்தரத் தீர்வு குரோமைப் பின்னுக்கு இழுப்பதில் இல்லை, பழைய ஆன்டிவைரஸைப் புதுப்பிப்பதில் இருந்தது.

மெதுவாவதற்கும் இதே வகைக் காரணம் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அளவுக்கு மீறி ப்ராசஸரை உறிஞ்சுகிறது என்ற புகார் 2018-இலேயே மொஸில்லாவின் பிழைப் பட்டியலில் பதிவானது. 2023-இல்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது; டிஃபெண்டரின் ப்ராசஸர் பயன்பாடு அந்தச் சூழலில் ஏறக்குறைய 75 சதவீதம் குறைந்ததாக மொஸில்லா பொறியாளர்கள் தெரிவித்தார்கள். ஐந்து ஆண்டுகள் ஃபயர்ஃபாக்ஸ் சுமந்த கெட்ட பெயரில் ஒரு பங்கு டிஃபெண்டருக்குச் சேர வேண்டியது. 2025 ஜூனில் விண்டோஸில் குரோம் திறந்த வேகத்தில் மூடிக்கொண்ட சம்பவமும் அப்படித்தான். பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி, தன் தடைப்பட்டியலைப் புதுப்பிக்கும்போது குரோமையும் சேர்த்து அடைத்தது. மற்ற பிரவுசர்கள் ஓடியதால் கோளாறு குரோமில்தான் என்று தோன்றியது. குரோமை எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் அது திறந்திருக்காது.

வட்டு நிரம்பினால் பிரவுசர் சாயும்

சிஸ்டம் அப்டேட்டுக்கும் பிரவுசர் கிராஷுக்கும் உண்மையான தொடர்பு இருக்கும் இடமும் ஒன்று உண்டு; அதைப் பலரும் கவனிப்பதில்லை. நிரல்களுக்கு நினைவகம் ஒதுக்கும்போது விண்டோஸ் ரேமை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. வட்டில் இருக்கும் பேஜ் ஃபைலையும் சேர்த்து மொத்த வரம்பு ஒன்றை வைத்திருக்கிறது. அந்த வரம்பு தீர்ந்தால், ரேமில் இடம் மிச்சம் இருந்தாலும் பிரவுசர் கேட்கும் நினைவகம் கிடைக்காது. பிரவுசர் கிராஷ் ஆகும். பெரிய அப்டேட் வந்தபின் பழைய விண்டோஸின் நகல் ஒரு தனி ஃபோல்டரில் பத்து நாள் பத்திரமாக வைக்கப்படுகிறது. அது பல ஜிபி இடத்தை அடைக்கும். ஏற்கெனவே நிரம்பி வழியும் வட்டில் பேஜ் ஃபைல் வளர இடமில்லாமல் போகிறது. கிராஷ் ஆவது பிரவுசர், பற்றாக்குறை வட்டில். 2022-இல் மொஸில்லா ஒரு மாற்றம் செய்தது: நினைவகம் கிடைக்கவில்லை என்றதும் சாய்ந்துவிடாமல், சற்று நிதானித்து மறுபடி கேட்கும்படி ஃபயர்ஃபாக்ஸை மாற்றினார்கள். நினைவகப் பற்றாக்குறையால் பிரவுசர் கிராஷ் ஆவது 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இந்த வகைக் கிராஷ்களில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிரவுசரின் பசியும் வளர்ந்திருக்கிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டை வெளியே தெரிந்தபின், ஒரு தளத்தின் தகவலை இன்னொரு தளம் எட்டிப்பார்க்காதபடி ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையாக ஓட்ட ஆரம்பித்தது குரோம் 67. இதற்கு 10 முதல் 13 சதவீதம் கூடுதல் நினைவகம் ஆகும் என்று கூகுளே அப்போது சொன்னது. 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் இருபது டேப் திறந்துவைத்தால் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அது பிழை இல்லை. வங்கித் தளத்தின் தகவல் பத்திரமாக இருப்பதற்காக நாம் கொடுக்கும் விலை.

எங்கிருந்து தொடங்குவது?

காரணம் இத்தனை இடங்களில் இருக்கலாம் என்றால், தேடலுக்கு ஒழுங்கு வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பதுதான் அந்த ஒழுங்கு. ஒரே மூச்சில் கேஷை அழித்து, எக்ஸ்டென்ஷனை நீக்கி, டிரைவரையும் மாற்றினால் சிக்கல் தீரலாம். எது தீர்த்தது என்று தெரியாது, அடுத்த மாதம் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் சில மணி நேரம் பொறுப்பது நல்லது. பெரிய அப்டேட்டுக்குப் பின் கணினி தேடல் அட்டவணையைப் புதுப்பிக்கிறது, ஆன்டிவைரஸ் கோப்புகளை அலசுகிறது. அந்த வேலை முடிந்ததும் வேகம் திரும்புவதுண்டு. அதற்குப் பிறகும் தொடர்ந்தால், அதே பக்கத்தை வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா நான்கும் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. எனவே குரோமோடு எட்ஜை ஒப்பிட்டால் பாதி விடைதான் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸை ஒப்பிட வேண்டும். எல்லாமே மெதுவென்றால் கோளாறு பிரவுசருக்கு வெளியே இருக்கிறது; டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர், நினைவகம், வட்டு மூன்றில் எது நிரம்பி நிற்கிறது என்று பார்க்கலாம். குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு எடுக்கிறது என்ற பட்டியலே வரும்.

கோளாறு ஒரு பிரவுசரில் மட்டும் என்றால், குரோமில் கெஸ்ட் விண்டோ, ஃபயர்ஃபாக்ஸில் உதவி மெனுவில் உள்ள ட்ரபிள்ஷூட் மோட் இரண்டும் கைகொடுக்கும். கெஸ்ட் விண்டோவில் எக்ஸ்டென்ஷனும் இல்லை, பழைய புரொஃபைலும் இல்லை. அங்கே ஒழுங்காக ஓடினால் சந்தேகம் அந்த இரண்டின் மேல் குவிகிறது. எக்ஸ்டென்ஷன்களில் பாதியை அணைத்துப் பார்த்து, எந்தப் பாதியை அணைத்தால் கோளாறு மறைகிறதோ அதை மறுபடி பாதியாக்கினால், 16 எக்ஸ்டென்ஷனில் குற்றவாளி ஒன்றே என்றால் நான்கே சுற்றில் அது பிடிபடும். ட்ரபிள்ஷூட் மோட் எக்ஸ்டென்ஷன்களோடு கிராஃபிக்ஸ் வேகமூட்டலையும் அணைக்கிறது. அதில் மட்டும் சரியானால் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். கிராஃபிக்ஸ்தான் காரணம் என்று தெரிந்தால், அப்டேட்டில் மாறிய டிரைவரைச் சந்தேகிக்க நல்ல ஆதாரம் கிடைத்துவிட்டது. கணினி அல்லது கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை எடுத்துப் போடலாம். மறுபடி நிறுவுவது ஏன் பல நேரம் பலிப்பதில்லை என்பதும் இங்கே புரியும். பிரவுசரை நீக்கினாலும் புரொஃபைல் வழக்கமாக வட்டிலேயே இருக்கிறது; அதையும் அழித்தால்கூட, கணக்கில் உள்நுழைந்ததும் ஒத்திசைவு அதே எக்ஸ்டென்ஷன்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

அப்டேட்டே தவறு செய்தால்?

‘அப்டேட் நிஜமாகவே கெடுத்த சம்பவங்கள் இல்லையா?’ என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். 2024 செப்டம்பரில் வந்த மேக் இயங்குதளம் 15, சில பாதுகாப்பு மென்பொருள்களோடு ஒத்துப்போகாமல் பலருக்கு இணையத் தொடர்பையே குலைத்தது. அக்டோபர் தொடக்கத்தில் 15.0.1 வந்துதான் சரியானது. அப்படிப்பட்ட வேளையில் திருத்தத்துக்குக் காத்திருப்பதோ, அந்த ஒரு அப்டேட்டை மட்டும் பின்வாங்குவதோ நியாயமானது. விண்டோஸில் அப்டேட்டை ஐந்து வாரம்வரை தள்ளிவைக்க வழியே இருக்கிறது. ஆனால் தள்ளிவைப்பது வேறு, நிறுத்துவது வேறு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அதற்கான திருத்தம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் நூலகத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. தீய நோக்கோடு செய்த ஒரு படம் உள்ள பக்கத்தைத் திறந்தாலே ஆபத்து. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அவசரத் திருத்தம் வெளியிட்டன. அப்டேட்டை அணைத்துவைத்தவருக்கு அது போய்ச் சேராது.

‘இவ்வளவையும் சாதாரணப் பயனர் செய்ய வேண்டுமா, இது நிறுவனங்களின் பொறுப்பல்லவா?’ என்பது இன்னும் கனமான கேள்வி. பொறுப்பு நிறுவனங்களுடையதுதான். ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும் மென்பொருள் பயனரை மதிப்பதில்லை. எது இடித்தது, அடுத்து என்ன செய்யலாம் என்று அது சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் திருத்துவதற்கும் நம்மிடமிருந்து தகவல் போக வேண்டும். நினைவகக் கிராஷ்களை மொஸில்லா குறைத்ததன் பின்னால் பயனர்கள் அனுப்பிய கிராஷ் அறிக்கைகள் இருந்தன. ஃபயர்ஃபாக்ஸின் அறிக்கைப் பெட்டியில் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தின் முகவரியைச் சேர்க்க வேண்டுமா என்பதை நாமே முடிவுசெய்யலாம். தனியுரிமைக் கவலை உள்ளவர்கள் அந்தக் குறியை எடுத்துவிட்டு அனுப்பலாம்.

‘பழைய கணினி, தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே மேல்’ என்ற யோசனையும் சோதனைக்குப் பிறகு வர வேண்டியதே. வட்டு நிரம்பியிருந்தால் இடம் ஒழித்துக் கொடுத்தால் போதும். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் எஸ்எஸ்டியும், ரேம் பொருத்த இடமிருந்தால் கூடுதல் ரேமும் புதுக் கணினியின் விலையில் சிறு பகுதிதான். இவை எதற்கும் வழியில்லை என்று உறுதியானால் அப்போது வாங்கலாம்.

அடுத்த அப்டேட் வந்து பிரவுசர் தடுமாறினால் இவற்றை மட்டும் செய்யுங்கள்: புக்மார்க்குகளுக்கும் கடவுச்சொற்களுக்கும் ஒரு நகல் எடுத்துவையுங்கள், வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள், எக்ஸ்டென்ஷன் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கிராஷ் அறிக்கையை அனுப்புங்கள். காரணம் கையில் கிடைக்கும்வரை எதையும் அழிக்காதீர்கள். அப்டேட்டை எந்தக் காரணத்துக்காகவும் நிரந்தரமாக நிறுத்தாதீர்கள்.