நகரை அண்டிய வயல்களில் எலி: காணும் இடமும் காலமும்

யாழ்ப்பாண நகரின் ஓரத்திலுள்ள வயல்களில் நெல் விதைப்போர், எலிகள் பட்டினத்திலிருந்து வருகின்றன என்பர். பட்டினத்தில் வீடும் கடையும் உடையோரோ அவை வயலிலிருந்து வருகின்றன என்பர். இரு கூற்றிலும் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், எந்த எலி எந்த மாதத்தில் எவ்விடத்தில் தங்குகின்றது என்பதை அறியாது நஞ்சு வைப்பதனால் பணமும் முயற்சியும் வீணாகின்றன.

இப்பகுதியில் பெரு நட்டஞ் செய்வன இரண்டு இனங்கள். ஒன்று வீட்டெலி. இதன் வால் உடலிலும் நீண்டது. ஏறுவதில் வல்லதாகையால் ஓட்டுக்கூரையின் கீழும், பனையின் காய்ந்த ஓலைகளுக்கிடையிலும், தென்னை வட்டிலும் கூடு கட்டும். மற்றையது அகழான். இதன் வால் உடலிலுங் குறுகியது. மண்ணை அகழ்ந்து வளையில் வாழ்வது. வளை வாயிலில் புதுமண் குவிந்திருப்பின் உள்ளே எலி உண்டெனக் கொள்ளலாம். கதிர்களை அறுத்துச் சென்று வளையினுள்ளே சேமித்து வைப்பதும் இதன் வழக்கம். வரம்பை வெட்டிய கமக்காரர், உள்ளே சேர்ந்திருக்கும் நெல்லைக் கடகத்தில் அள்ளுவதுண்டு.

அகழான் வயலுக்கே உரியதென எண்ணுதல் தவறாகும். கொல்கத்தாவிலும் யங்கூனிலும் தானியக் களஞ்சியங்களிற் பெருந்தொகையாகக் காணப்பட்டது இதுவே. தானியமும் தோண்டத்தக்க மண்ணும் கிடைப்பின் பட்டினமும் அதற்கு வயலே.

நகரினுள் எலிகள் எங்கும் ஒரே அளவாகப் பரவியிருப்பதில்லை. உணவு, நீர், மறைவிடம் ஆகிய மூன்றும் அருகருகே அமைந்த இடங்களிலேயே அவை கூடுகின்றன. சந்தையின் பின்புறம், உணவுச்சாலைக் கழிவு கொட்டுமிடம், மூடாத வடிகால், அரிசி ஆலை, பற்றை வளர்ந்த வெறும் வளவு என்பன அத்தகையவை. வேண்டிய யாவும் கிட்டவிருந்தால் எலி தன் வளையை விட்டு நெடுந்தூரஞ் செல்வதில்லை. பொழுதுபட்ட பின்னரும் விடியற்கு முன்னரும் அதன் நடமாட்டம் மிகுதி. பட்டப்பகலில் எலிகள் அடிக்கடி கண்ணிற் படுமாயின், அவ்விடத்தில் அவற்றின் தொகை மிகுந்துவிட்டது, அல்லது வளை கலைக்கப்பட்டது என்று கருதல் வேண்டும். ஐயமிருப்பின், மாலையில் சுவரோரத்தில் சாம்பலை மெல்லியதாகத் தூவி, காலையில் அடிச்சுவட்டைப் பார்த்தறியலாம்.

நகரும் வயலுஞ் சந்திக்குமிடத்தில் எலியின் நடமாட்டம் காலபோகத்துடன் மாறுகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளக்காணியின் வளைகளில் நீர் புகும். அப்போது எலிகள் வரம்பிற்கும் மேட்டு வளவிற்கும் ஏறுகின்றன. வீட்டிலுள்ளோர், "எலி எங்கிருந்தோ வந்துவிட்டது" என்பது இக்காலத்திலேதான். பயிர் குடலைப் பருவம் அடைந்ததும் அவை வயலினுட் புகுந்து, தண்டைச் சாய்வாக வெட்டுகின்றன. வயலின் நடுவிலேயே பெரும்பாலும் வெட்டுவதனால், வரம்பில் நின்று பார்ப்பவருக்குப் பயிர் செழிப்பாகத் தோன்றும். உள்ளே இறங்கிப் பார்த்தல் அவசியம்.

இப்பருவத்திலேயே அவை மிகுதியாக ஈனுகின்றன. சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு குட்டிகளும் அதற்கு மேலும் பிறப்பதுண்டு. ஆகையால் அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில் எலித்தொகை உச்சமாயிருக்கும், வயலிலோ உணவிராது. அவை வைக்கோற்போருக்கும், நெல்மூடை அடுக்கிய அறைக்கும், அயலிலுள்ள தோட்டத்திற்கும் செல்கின்றன. வற்றாளை, மரவள்ளி, தக்காளி, பூசணி ஆகியவை அப்போது சேதமடைகின்றன. கோடையில், கிணற்றடி வாழைகளின் ஈரமும் நகர வடிகாலுமே அவற்றுக்குப் புகலிடம்.

எனவே, எலியை அழிக்கத் தக்க காலம், கதிர் வெட்டப்பட்டதைக் கண்டபின் அன்று. எலிகள் குறைந்து பசித்திருக்கும் காலத்தில், அதாவது விதைப்பதற்கு முன்னரும் பயிர் இளமையாயிருக்கையிலும், இதனைச் செய்தல் வேண்டும். அப்போது கொல்லப்படும் ஒரு பெண்ணெலி, தையில் ஒரு கூட்டத்திற்குச் சமம். அகன்ற வரம்பு அகழானுக்கு வசதியானது. அதனை ஓரடி அகலத்திற்கு மேற்படாது ஒடுக்கி, புல்லைச் செதுக்கி வைத்தல் நன்று. ஒரு வயலில் மட்டும் வளை தோண்டுவதாற் பயனில்லை. வெளியிலுள்ள கமக்காரர் அனைவரும், இயலுமாயின் அயல் வளவினரும், ஒரே வாரத்திற் செய்தல் வேண்டும்.

எலி புதிய பொருளை ஐயுறும் இயல்புடையது. நஞ்சு வைப்பதற்கு முன் சில நாட்களுக்கு நஞ்சற்ற நெல்லையோ அரிசியையோ அதேயிடத்தில் வைத்துப் பழக்குதல் வேண்டும். நஞ்சிரையைப் பிள்ளைகளும் கோழிகளும் எட்டாதவாறு மூங்கிற் குழாயினுள் வைத்து, இறந்த எலிகளை ஆழப் புதைக்க. சாரைப்பாம்பையும் கூகையையும் கண்டவுடன் அடித்துக் கொல்வோர், தம் நெல்லுக்குக் காவல் நிற்பவற்றையே கொல்கின்றனர்.

நெல்லின் நட்டத்திலும் கொடியதொன்றுண்டு. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் நிற்பவரின் தோற்காயம் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றுகின்றது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7000 பேருக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு நவெம்பர் இறுதியிற் பெய்த பெருமழையின் பின், டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இது பரவி, உயிர்ச்சேதமும் விளைந்தது. மழையினால் வளை நிறைந்து எலிகள் வரம்பில் ஏறும் காலமும், கமக்காரர் சேற்றில் இறங்கும் காலமும் ஒன்றேயாதலின் இதில் வியப்பில்லை.

காலிற் புண்ணுடையோர் வயலில் இறங்குதலைத் தவிர்க்க. இறங்க நேரிடின் புண்ணை நீர் புகாதவாறு மூடிக்கொள்ள. தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ முன்னரே விசாரித்தறிதல் வேண்டும். வயல்வேலையின் பின் காய்ச்சலுடன் தலையிடி, கெண்டைக்கால் நோ, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியன காணப்படின், வீட்டில் மருந்து பார்த்துக் காலங் கடத்தாது அரசாங்க மருத்துவமனைக்குச் சென்று, சேற்றில் வேலை செய்தமையை வைத்தியருக்கு முதலிலேயே கூறுதல் வேண்டும்.