குடிமாறிய முகவரி

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கல்லூரி நாட்களில் தொடங்கிய ஒரு யாஹூ முகவரியும் ஒரு ஜிமெயிலும் இருக்கின்றன. பல வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை. எல்லாவற்றையும் அழிக்கப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நிஜமா?”

பாதி நிஜம். அந்த ஃபார்வர்டின் மூலம், 2023 மே மாதம் கூகுள் வெளியிட்ட அறிவிப்பு. இரண்டு ஆண்டுகள் தொடப்படாத தனிநபர் கணக்குகளை அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் படிப்படியாக நீக்குவோம் என்றார்கள். தொடங்கியதோடு சரி, அப்புறம் திறக்கவே இல்லை என்ற ரகம்தான் முதல் வரிசையில். நீக்குவதற்கு முன் பல மாதங்கள் எச்சரிக்கை மடல்கள் வரும். பள்ளி, அலுவலகக் கணக்குகளுக்கு இந்த விதி கிடையாது. மெயிலைத் திறந்து படித்தால்தான் கணக்கு என்றும் இல்லை. அதே கணக்கில் நுழைந்திருக்கும்போது யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தாலும், பிளே ஸ்டோரில் ஒரு செயலி இறக்கினாலும் போதும். வாசகர் தன் கைபேசியில் போட்டுவைத்திருப்பது அந்த ஜிமெயில்தான் என்றால், அது சும்மா கிடந்திருக்க வாய்ப்பு குறைவு. ஃபார்வர்டில் இந்த வரி மட்டும் இருக்காது. இருந்தால் யார் அதை அடுத்தவருக்குத் தள்ளுவார்கள்?

பழைய கதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1996 ஜூலையில் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கியபோது ஆளுக்கு 2 எம்பி இடம் கொடுத்தார்கள். அன்று வட்டுக்கு விலை அதிகம். எட்டிப் பார்க்காதவர்களின் பெட்டியைக் காலி செய்வது சிக்கனம். 2004-ல் ஜிமெயில் 1 ஜிபியோடு வந்ததும் இடப் பஞ்சம் பேச்சிலிருந்து மறைந்தது. இப்போது சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. கைவிடப்பட்ட கணக்குகளில் இரட்டைச் சரிபார்ப்பு இருப்பதற்கான வாய்ப்பு, புழக்கத்தில் உள்ளவற்றைவிடப் பத்து மடங்காவது குறைவு என்கிறது கூகுள். தன் செலவைக் குறைக்கும் முடிவுக்கு ஒரு நிறுவனம் நம் நலனைக் காரணம் காட்டினால் சந்தேகப்படுவது என் வழக்கம். ஆனால் இந்த விஷயத்தில் காரணமும் சரியாகவே இருக்கிறது.

போன மடல்களும் பழைய புகைப்படங்களும் போகட்டும். அந்த முகவரி அடுத்து யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2009-ல் ட்விட்டர் ஊழியர் ஒருவரின் ஜிமெயிலுக்குள் நுழைய, ‘ஹேக்கர் குரோல்’ என்று தன்னை அழைத்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர் பாஸ்வேர்டு எதையும் உடைக்கவில்லை. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினார். மாற்றுவதற்கான இணைப்பு ஒரு ஹாட்மெயில் முகவரிக்குப் போவதாகக் குறிப்பு வந்தது. அந்த ஹாட்மெயிலோ பயன்பாடின்றிக் காலாவதியாகி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் கிடந்தது. அவரே அதைப் பதிவு செய்துகொண்டார். இணைப்பு அவரைத் தேடி வந்தது. அதன் வழியே ட்விட்டரின் உள் ஆவணங்கள்வரை போய்விட்டார்.

வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் காலி செய்துவிட்டார், கதவு எண் மாறவில்லை. புதுக் குடித்தனக்காரர் வருகிறார். பழையவருக்கு வரும் எல்ஐசி நோட்டீசும் வங்கிக் கடிதமும் அவர் கையில் விழுகின்றன. 2013-ல் யாஹூ செய்தது இதையேதான். 12 மாதம் திறக்கப்படாத முகவரிகளை, கேட்டவர்களுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. இடையில் கொஞ்ச நாள் வீட்டைப் பூட்டி வைத்து, வந்த மடல்களைத் திருப்பி அனுப்பியது. அப்படியும் புதிதாகக் குடிவந்த சிலருக்கு முன்னவரின் சொந்த மடல்கள் வந்து சேர்ந்தன.

இதற்கு யாஹூவும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து ஒரு வைத்தியம் கண்டன. 2014 ஜூலையில் ஆர்எஃப்சி 7293 என்ற எண்ணில் அது இணையத் தரநிலை ஆவணமானது. எனக்கு இதைப் படிக்கப் படிக்க ஆனந்தம். பாஸ்வேர்டு மாற்றும் மடலை அனுப்பும்போது ஃபேஸ்புக் தலைப்பில் ஒரு தேதியையும் சேர்க்கிறது. ‘இந்த முகவரி எங்கள் ஆளுடையது என்று இந்தத் தேதியில் உறுதி செய்துகொண்டோம், அன்றிலிருந்து இன்றுவரை அதே ஆள் இருந்தால் மட்டும் கொடு’ என்று அதற்கு அர்த்தம். கடித உறையின் மேல் ‘2010 சித்திரைக்கு முன்பிருந்தே இங்கே குடியிருப்பவரிடம் மட்டும் தரவும்’ என்று எழுதி அனுப்புவதுபோல. பெறும் சர்வர், வீட்டுக்காரர் அக்ரிமென்ட்டைப் புரட்டுவதுபோல, பெட்டி எப்போது கைமாறியது என்று பார்க்கிறது. குடித்தனம் அதற்குப் பிறகு என்றால் மடலை வாசலிலேயே மறுத்து 5.7.17 என்ற குறியீட்டைச் சொல்கிறது: பெட்டியின் உரிமையாளர் மாறிவிட்டார். பழையவர் யார், புதியவர் யார் என்ற பேச்சே எழவில்லை. இரண்டு தேதிகளை ஒப்பிட்டதோடு வேலை முடிந்தது.

ஓட்டை இல்லாமல் இல்லை. விஷமி ஒருவன் தேதியை மாற்றி மாற்றி மடல் அனுப்பினால், எதற்கு ஏற்பு, எதற்கு மறுப்பு என்று பார்த்தே உங்கள் பெட்டி எப்போது தொடங்கியது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆவணத்தை எழுதியவர்களே இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒத்துழைத்தால்தான் ஏற்பாடு செல்லும் என்பது அதைவிடப் பெரிய குறை.

காலி வீட்டுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சில நிறுவனங்கள் இறந்த முகவரியைப் பல மாதங்கள் ‘550, அப்படி யாரும் இல்லை’ என்று சொல்ல விடுகின்றன. 5-ல் தொடங்கினால் இனி வராதே என்று பொருள். 4-ல் தொடங்கினால் அப்புறம் வா. மரியாதையான அனுப்புநர் 550-ஐப் பார்த்ததும் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார். பிறகு ஒருநாள் சத்தமில்லாமல் அதே முகவரி மடல்களை ஏற்கத் தொடங்கும். இப்போதும் அனுப்புகிறவர் யார்? திருப்பி அனுப்பியதைக் கவனிக்காத ஸ்பேம் வியாபாரி. அவருடைய மடல்கள் அதன்பின் மற்ற வீடுகளிலும் மறுக்கப்படும். பூட்டிய வீட்டில் வீட்டுக்காரர் கேமரா வைத்து, கதவிடுக்கில் நோட்டீஸ் செருகுகிறவனைப் பிடிப்பதுபோல. வாடகை வராவிட்டாலும் வீடு வேலை செய்கிறது. (உவமையை இதற்குமேல் இழுத்தால் அட்வான்ஸ் தொகையைப் பற்றியும் பேச வேண்டிவரும்.)

வாசகரின் யாஹூவுக்கு வருவோம். 12 மாதம் திறக்காவிட்டால் பெட்டியில் உள்ளதை யாஹூ அழித்துவிடும். கணக்கை மீட்க முடிந்தாலும் பழைய மடல்கள் திரும்பாது. எந்த வங்கியில், டீமேட் கணக்கில், ரயில் டிக்கெட் தளத்தில் அந்த முகவரி இன்னும் பதிவாகி இருக்கிறது என்று பார்த்து மாற்றுவதுதான் முதல் வேலை. ஜிமெயிலில் குடிமாறும் தொல்லையே இல்லை. நீக்கப்பட்ட முகவரியை கூகுள் வேறு யாருக்கும் தருவதில்லை. பழைய கணக்குகளை நீக்கினால் நல்ல பெயர்கள் காலியாகும் என்ற இன்னொரு ஃபார்வர்டு அதனாலேயே பொய். 2004-ல் முந்திக்கொண்டு சொந்தப் பெயரைப் பிடித்தவர் அதைத் திறக்காமலே விட்டிருந்தாலும், இன்று வரும் கார்த்திக்குக்குப் பெயருக்குப் பின்னால் நாலு இலக்கம்தான்.