அலையில் மூண்ட சண்டை, அவையில் தணிந்த கதை



தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் இம்முறை நாம் எடுத்துக்கொண்ட தலைப்பு 'ஊர்க்காரரும் வந்தவரும்'. நேரம் போதாமல் அங்கே சுருக்கமாகச் சொன்ன ஒரு வரலாற்றை இங்கே சற்று விரிவாகத் தருகிறேன். அது அலைச்சறுக்கு விளையாட்டின் வரலாறு.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதாக இருக்கலாம். பள்ளி விடுமுறைக்குப் பேருந்து பிடித்து நாம் போகும் போர்ட்டிக்சன் கடலில் அதற்கேற்ற பெரிய அலைகள் எழுவதில்லை. ஆண்டிறுதி மழைக்காலத்தில் பகாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரைக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். நீண்ட பலகையின் மேல் நின்று, எழும்பி வரும் அலையில் சறுக்கியபடி கரையை நோக்கி வருவார்கள். விளையாட்டு நமக்குப் புதிது. அதில் மூண்ட சண்டை நமக்குப் புதிதல்ல.

கற்றுக் கொடுத்தவர்கள்

அலைச்சறுக்கின் தாய்வீடு பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகள். அரசர் முதல் குடியானவர் வரை அங்கே அலை ஏறினார்கள். 1893-இல் வெள்ளைக்கார வணிகர்கள் அமெரிக்கக் கடற்படையினரின் பக்கபலத்தோடு அரசி லிலியுஓகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன.

ஹவாயும் தோட்டங்களின் நாடுதான். அங்கே கரும்பு வெட்டச் சீனா, ஜப்பான், போர்ச்சுகல், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பூர்வீகக் குடிகளுக்கு நிலம் போனது, ஆட்சி போனது, பள்ளிக்கூடத்தில் தாய்மொழியும் போனது. கடல் ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் கடலின் கலையையும் அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹனமோகு 1914-15இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், சிட்னி கடற்கரையில் அலைச்சறுக்கைச் செய்து காட்டினார். ஆஸ்திரேலியாவில் இந்த விளையாட்டு வேர்விட அவர் பயணம் பெரிதும் உதவியது.

கதவை உடைத்தவர்கள்

அறுபது ஆண்டுகள் கழிந்தன. அலைச்சறுக்கு பரிசுப் பணம் தரும் தொழிலாக மாறத் தொடங்கிய நேரம். ஹவாயின் ஓவாஹு தீவில், வட கரையில் குளிர்காலத்தில் எழும் ராட்சத அலைகளில்தான் பெரிய போட்டிகள் நடந்தன. 1975-இல் அங்கே வந்த வெளிநாட்டு இளைஞர்கள் முக்கியப் பட்டங்களை அள்ளிச் சென்றார்கள். ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ், இயன் கேர்ன்ஸ், தென்னாப்பிரிக்காவின் ஷான் தாம்சன் ஆகியோர் அவர்களில் சிலர்.

வெற்றி பெற்றதில் தவறில்லை. பேச்சில்தான் வினை! ஆஸ்திரேலியாவின் வெயின் பார்த்தலோமியூ 1976-இல் ஓர் இதழில் கட்டுரை எழுதினார். 'கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறோம்' என்பது அதன் தலைப்பின் பொருள். கேர்ன்ஸும், எங்களவர்களே முன்னே போகிறோம் என்கிற தோரணையில் பேசினார். வறிய குடும்பத்திலிருந்து வந்த பார்த்தலோமியூவுக்கு அது முன்னேறத் துடிக்கும் இளைஞனின் முழக்கம். நாட்டையே பறிகொடுத்த மக்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? வீட்டுக்காரர் முன்னால் நின்றுகொண்டு "உங்கள் கதவை உடைத்தோம்" என்று சொன்னால் யார்தான் பொறுப்பார்?

அதே ஆண்டின் இறுதியில் பார்த்தலோமியூ மீண்டும் வந்தபோது கடலிலேயே அடித்து நொறுக்கினார்கள். பற்கள் உடைந்தன. உயிருக்குப் பயந்து ஒளிந்தார். கேர்ன்ஸ் உள்ளிட்டோருக்கும் மிரட்டல் வந்தது. ஒரு தங்கும் விடுதிக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

நடுவில் நின்றவர்

அப்போது முன்வந்தவர் எடி ஐக்காவ். வைமேயா விரிகுடாவில் கடல் உயிர்காப்பாளராக வேலை செய்த பூர்வீக ஹவாய்க்காரர். பேரலைகளில் பேரெடுத்த வீரர். அவரும் அவர் குடும்பத்தாரும் அந்த விடுதி மண்டபத்தில் இரு தரப்பையும் கூட்டி உட்கார வைத்தார்கள். ஊர்க்காரர்கள் மனக்குறையைக் கொட்டித் தீர்த்தார்கள். வந்தவர்கள் வாய் திறக்காமல் கேட்டார்கள். பிறகு தங்கள் பேச்சுக்கு வருத்தம் தெரிவித்தார்கள். கோபம் ஒரே நாளில் மறையவில்லை. ஆனாலும் பெரிய விபரீதம் தவிர்க்கப்பட்டது. பார்த்தலோமியூ 1978-இல் உலக வெற்றியாளரானார்.

எடிக்கு வந்தவரின் வலியும் தெரியும். 1972-இல் அவர் போட்டிக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் போனார். 1860 முதல் நம் தமிழர்களும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கிய அதே டர்பன்தான்! நிறவெறிச் சட்டத்தின் கீழ் எடிக்கு வெள்ளையர் விடுதியில் இடம் மறுக்கப்பட்டது. ஷான் தாம்சனின் தந்தைதான் அவரைத் தம் வீட்டில் தங்க வைத்தார். விருந்தாளியாகப் போன இடத்தில் அவமானத்தையும் அன்பையும் ஒருசேரக் கண்ட மனிதர், தம் ஊரில் விருந்தாளிகளுக்காக நடுவில் நின்றார். 1978 மார்ச்சில் பாய்மரப் படகு ஒன்று நடுக்கடலில் கவிழ்ந்தபோது, உடன் வந்தவர்களைக் காப்பாற்ற உதவி தேடிப் பலகையில் தனியே துடுப்பிட்டுச் சென்றவர் திரும்பவே இல்லை. மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள்.

நமக்கு என்ன?

"டி மானா பூமி டிப்பிஜாக், டி சித்து லங்ஙிட் டிஜுன்ஜோங்" என்ற மலாய்ப் பழமொழியை நாம் அறிவோம். எந்த மண்ணை மிதிக்கிறாயோ அந்த வானத்தைத் தலைமேல் தாங்கு என்பது அதன் பொருள். அது வந்தவருக்குச் சொன்ன பாடம். ஊர்க்காரருக்கான பாடத்தை எடி நடந்து காட்டினார்.

நம் தோட்டப்புற மக்களுக்கு இரண்டு பாடமும் வேண்டும். பால் மரக் காட்டுக்கு வந்தவர்களாக நம் பாட்டன் பூட்டன் இருந்தார்கள். இன்று நாமே ஊர்க்காரர்கள். சிரம்பான், நீலாய் வட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. புதிதாகக் குடிவந்தவர்கள் அங்குள்ள பழைய கோயிலையும் திடலையும் இடைஞ்சலாகப் பார்த்தால் நமக்கு வலிக்கிறது. அதே நாம், செம்பனைக் காட்டில் குலை வெட்ட வந்திருக்கும் இந்தோனேசியரையும் வங்காளதேசியையும் எப்படிப் பார்க்கிறோம்? பேர் சொல்லியா கூப்பிடுகிறோம்?

ஒரு மண்டபம், சில நாற்காலிகள், முதலில் கேட்பதற்கு மனம். எடிக்குத் தேவைப்பட்டவை இவ்வளவுதான். உங்கள் தோட்டத்திலும் தாமானிலும் அப்படி ஒரு கூட்டம் நடந்திருந்தால் எழுதுங்கள். அடுத்த அங்கத்தில் அதைப் பேசுவோம்.