தண்ணீருக்கடியில் ஒரு மூச்சு

போர்க்கால பிரான்சில் பெட்ரோலுக்குப் பெரும் தட்டுப்பாடு. கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக எமில் காஞ்யான் என்ற பொறியாளர் சின்னதாக ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அதை அவருடன் சேர்ந்து மனிதன் நீருக்கடியில் மூச்சுவிடும் கருவியாக மாற்றியவர், கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ.

1943இல், பாரிஸுக்கு அருகே மார்ன் ஆற்றில் முதல் சோதனை. நேராக நின்றால் காற்று வீணாகப் பீறிட்டது. தலைகீழாகத் திரும்பினால் மூச்சு இழுப்பதே கடினமாக இருந்தது. விட்ட மூச்சு வெளியேறும் துளையை, காற்று உள்ளே வரும் இடத்தின் மட்டத்துக்கே கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான், சரியாகிவிட்டது! இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்று தரும் 'அக்வாலங்' பிறந்தது. மேலிருந்து வரும் குழாய் இல்லாமல் மனிதன் மீனைப் போலத் திரும்பி வளைந்து நீந்தினான்.

பின்னர் கலிப்சோ என்ற கப்பலில் போய் கூஸ்தோ எடுத்த கடலடிப் படம் 1956இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதை வென்றது. அதே படத்தில் பவளத்திட்டில் வெடிவைத்து மீன்களைக் கணக்கெடுக்கும் காட்சி உண்டு. இன்று பார்த்தால் மனசு பதறும். ஆனால் 1960இல், மத்தியதரைக் கடலில் அணுக்கழிவு கொட்டும் திட்டத்தை எதிர்த்து முன்னால் நின்றவரும் இதே கூஸ்தோதான்.