அரைப்புள்ளியும் கோலப்புள்ளியும்

என் பெண் இஞ்சினீயரிங் காலேஜில் முதல் வருடம். செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று சாப்பிடாமல் போய்ப் படுத்துக் கொண்டாள். 'சி' புரோகிராமிங்கில் அரியர்! "எனக்கு மூளையே இல்லம்மா. காலேஜை விட்டு நின்னுடறேன்" என்று அவள் விசும்பியபோது என் வயிறு கலங்கிப் போயிற்று.

நான் அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கணிதம். கல்யாணத்தோடு புத்தகத்தை மூடியவள். இருந்தாலும் துணிந்து, "எனக்கும் சொல்லிக் கொடேன், ரெண்டு பேருமா படிப்போம்" என்றேன்.

"உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள். நான் விடவில்லை. தினமும் ராத்திரி சமையலறையை ஒழித்துப் போட்ட பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம்.

முதல் நாளே நோய் எது என்று தெரிந்து விட்டது. நோட்டிலிருந்த புரோகிராம்களை அப்படியே ஒப்பித்தாள். ஓர் எண்ணை மாற்றிக் கேட்டால் விழித்தாள். சமையல் குறிப்பை மனப்பாடம் பண்ணிவிட்டு அடுப்பே பற்ற வைக்காத கதைதான்!

'சி' மொழியை 1972-வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் டென்னிஸ் ரிச்சி. அவரும் பிரையன் கெர்னிகனும் 1978-ல் எழுதிய புத்தகத்தில் முதல் பாடமே, 'ஹலோ, வேர்ல்ட்' என்று கம்ப்யூட்டரை எழுத வைப்பதுதான். நாங்கள் ஆங்கில எழுத்தில் 'சாப்பிட வா' என்று எழுத வைத்தோம். பெண் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் மகா கண்டிப்பு! ஒவ்வொரு கட்டளை முடிவிலும் அரைப்புள்ளி வேண்டும். நாலாவது வரியில் மறந்தால், சில சமயம் ஐந்தாவது வரியில் தப்பு என்று காட்டும். அதனால் மேல் வரியையும் பார்த்து விடுங்கள். பிழைகள் பத்து வந்தாலும் பயப்படாமல் முதல் பிழையைத் திருத்துங்கள். பாதி தானே மறைந்து விடும்.

இன்னொரு வேடிக்கை. 7 லிட்டர் பாலை 2 வீட்டுக்குப் பங்கிடச் சொன்னேன். வீட்டுக்கு 3 லிட்டர் என்றது! முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் 'சி' பின்னத்தை வெட்டி விடுமாம். பால்காரர் இப்படிச் செய்தால் விடுவோமா? 7 என்பதை 7.0 என்று தசமமாக்கி, விடையையும் தசமமாக அச்சிடச் சொன்னதும் மூன்றரை வந்தது.

அவளை மிகவும் பயமுறுத்தியது 'லூப்'புக்குள் 'லூப்'. "கோலம் எப்படிடி போடுவே?" என்றேன். வெளிச்சுற்று, எத்தனை வரிசை என்பதற்கு. உள்சுற்று, ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை புள்ளி என்பதற்கு. முதலில் 5 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி. பிறகு முதல் வரிசையில் 1, அடுத்ததில் 2 என்று ஏற்றினோம். பேப்பரில் ஒவ்வொரு சுற்றுக்கும் எண்களை எழுதிப் பார்த்த பிறகே கம்ப்யூட்டரைத் தொட்டோம்.

ஒரு ராத்திரி நோட்டைப் பார்க்காமல், தானாகவே, நடுவில் அகன்று கீழே குறுகும் கோலத்தைப் போட்டு விட்டாள். "அம்மா, வந்துடுத்தும்மா!" என்று கத்தியதில் தூங்கிக் கொண்டிருந்த அவள் அப்பா எழுந்து வந்து விட்டார்.

அரியர் பரீட்சை எழுதி விட்டாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனால் 'நின்னுடறேன்' என்ற பேச்சு போயே போச்சு. நான் இப்போது மளிகைக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொண்டிருக்கிறேன். எங்கேயோ ஓர் அரைப்புள்ளியை விட்டிருக்கிறேன். தேடித் தர அவள்தான் வர வேண்டும்!