வீசாவில் கறார், வீதியில் தாராளம்

பாங்காக்கிலிருந்து காரில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய காவோ யாய் தேசியப் பூங்காவில் தாய்லாந்துக்காரருக்கு நுழைவுக் கட்டணம் 40 பாட், வெளிநாட்டவருக்கு 400. பத்து மடங்கு என்பதைவிட, அறிவிப்புப் பலகையை எழுதும் விதம்தான் பலரை உறுத்துகிறது. இப்படி இரட்டைக் கட்டணம் வாங்கும் பல இடங்களில் உள்ளூர்க் கட்டணம் தாய் எண்களில் இருக்கும். வெளிநாட்டவர் கட்டணம் உலகமே பழகிய 1, 2, 3-இல் இருக்கும். ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு வித்தியாசமே தெரியாது. அங்கேயே வருடக்கணக்கில் குடியிருந்து, தாய் எண்களையும் கற்றுக்கொண்டவருக்குத்தான் வயிறு எரியும்.

தாஜ்மகாலுக்குள் 50 ரூபாய் கொடுத்து நுழைகிறவர்கள் நாம். பக்கத்து வரிசையில் 1,100 ரூபாய் கொடுக்கும் வெளிநாட்டுக்காரரை நினைத்து யாரும் வருந்துவதில்லை. ஆகவே இந்தப் புகாரை அதிகம் பெரிதுபடுத்த வேண்டாம். தாய்லாந்தில் குடியேறிய வெளிநாட்டவர் புலம்பல்களில் பாதி இந்த ரகம்தான். மீதிப் பாதியை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

ஓய்வுக்காலத்தைக் கழிக்க சியாங் மாயிலோ ஹுவா ஹின்னிலோ தங்குபவரை எடுத்துக்கொள்வோம். வயது 50 ஆகியிருக்க வேண்டும். தாய் வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாட் போட்டு வைப்பது, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டுவது வழக்கமான வழி. தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அது போதாதென்று, 90 நாளுக்கு ஒருமுறை ‘இன்ன முகவரியில்தான் இருக்கிறேன்’ என்று குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மறந்தால் 2,000 பாட் அபராதம். வீட்டு உரிமையாளர் பங்குக்கும் ஒரு படிவம் உண்டு. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் ‘டிஎம் 30’ தாக்கலாக வேண்டும். 1979-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த இந்த விதியை 2019-இல் திடீரென்று இறுக்கிப் பிடித்தார்கள். வெளியூர் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பியவர்கூட மறுபடி பதியவேண்டிய நிலை. கூச்சல் கிளம்பியது, 2020-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். பாங்காக் சாங் வத்தனா குடிவரவு அலுவலகத்துக்குப் போகிறவர் கடவுச்சீட்டுப் பக்கங்களை நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, அதற்குப் பிறகு வரிசையில் உட்கார வேண்டும்.

ஒரு வெளிநாட்டவர் எந்த வீட்டில் தூங்குகிறார் என்று இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைக்கும் அரசுக்கு, வரிக்குதிரைக் கோட்டில் வண்டியை நிறுத்த வைக்க முடியவில்லை. உண்மையான ஆதங்கம் இதுதான்.

பாங்காக்கில் நடைபாதைக் கல் ஒன்று ஆடும். மழைக்காலத்தில் அதை மிதித்தால் அடியில் தேங்கிய சேற்றுநீர் முழங்கால்வரை பீச்சியடிக்கும். அதைப் பார்த்து நடக்கும்போது, சாலை நெரிசலுக்குத் தப்பி நடைபாதையிலேயே ஏறிவரும் மோட்டார் சைக்கிள் பின்னால் ஹாரன் அடிக்கும். இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். 2022 ஜனவரியில் நடந்ததைக் கடக்க முடியாது. பாங்காக்கில் ஒரு மருத்துவமனைக்கு எதிரே, வரிக்குதிரைக் கோட்டில் நடந்து சாலையைக் கடந்த பெண் மருத்துவர் ஒருவரைப் பெரிய பைக் ஒன்று மோதிக் கொன்றது. ஓட்டியவர் போலீஸ்காரர். நாடே கொதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கோட்டில் நிற்காத வண்டிக்கு அபராத உச்சவரம்பை 4,000 பாட்டாக உயர்த்தினார்கள்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2016-இல் தாய்லாந்தில் ஒரு லட்சம் பேருக்கு 32.7 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். 2021-இல் அது 25.4. குறைந்திருக்கிறது, ஆனாலும் ஆசியாவின் மோசமான எண்களில் ஒன்று. இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளில் போனவர்கள். புத்தாண்டுக்கும் ஏப்ரல் சொங்க்ரான் பண்டிகைக்கும் ‘ஏழு அபாய நாட்கள்’ என்று அறிவித்து, சோதனைச் சாவடி போட்டு, சாவு எண்ணிக்கையைத் தினமும் வாசிப்பார்கள். எட்டாம் நாள் சாவடி கலைந்துவிடும்.

விதி இல்லாமல் இல்லை. 2024 அக்டோபர் 1 அன்று பாங்காக் புறநகரில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து தீப்பிடித்து 20 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். ஆறு எரிவாயுச் சிலிண்டருக்கு அனுமதி பெற்றிருந்த வண்டியில் பதினொன்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2018 ஜூலையில் புக்கெட் அருகே, மோசமான வானிலைக்கு எச்சரிக்கை இருந்தும் கடலுக்குப் போன ‘ஃபீனிக்ஸ்’ படகு கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் மூழ்கினார்கள். தங்கிவிட்ட வெளிநாட்டவருக்கு எந்தப் படகில் ஏறக்கூடாது, எந்தத் தெருவைக் கடக்கக்கூடாது என்பது நாளடைவில் பழகிவிடும். நாலு நாள் விருந்தாளிக்கு எப்படித் தெரியும்?

அந்த விருந்தாளிகள் குறைவானவர்கள் அல்ல. 2024-இல் மட்டும் மூன்றரைக் கோடிப் பேர். அவர்களில் இந்தியர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு ஜூலையில், இந்தியா உட்பட 93 நாட்டவருக்கு வீசா இல்லாமல் 60 நாள் தங்க அனுமதித்தார்கள். பட்டாயாவிலோ புக்கெட்டிலோ இறங்கியதும் இளைஞர்கள் முதலில் தேடுவது வாடகை ஸ்கூட்டர். கடைக்காரர் கடவுச்சீட்டையோ முன்பணத்தையோ கேட்பார். ஓட்டுநர் உரிமத்தைக் கேட்காத கடைகள் நிறைய. உரிமம் உண்டா என்று முதன்முதலில் கேட்பவர், பெரும்பாலும், விபத்துக்குப் பிறகு மருத்துவமனைச் செலவைப் பரிசீலிக்கும் காப்பீட்டு அலுவலர். இரு சக்கர வண்டிக்குச் செல்லுபடியாகும் உரிமம் இல்லையென்றால் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ஒரு பாட்கூடத் தராது.